துடைப்பம் பிடிக்கும் கை கணக்கும் எழுதட்டும்

வீடுகளைச் சுத்தம் செய்து கொடுப்பதை ஒரு தொழிலாகத் தொடங்கலாம் என்று சொன்னால், நம் குடும்பங்களில் முதலில் எழும் கேள்வி "எவ்வளவு முதல் வேண்டும்?" என்பதன்று. "ஊர் என்ன சொல்லும்?" என்பதே. தையலைச் சொல்லலாம், மாவரைத்தலைச் சொல்லலாம், ஊறுகாயும் வட்டலப்பமும் செய்து விற்பதைச் சொல்லலாம். துடைப்பம் என்றவுடன் மட்டும் நம் குரல் தாழ்ந்து விடுகிறது. தூய்மையை இறைநம்பிக்கையோடு சேர்த்துப் பேசும் சமுதாயம் நாம். அத்தூய்மையைத் தம் கைகளால் செய்து தருபவரைக் கொல்லைப்புற வாசல் வழியே வரச்சொல்லும் சமுதாயமும் நாமே. இந்த முரண்பாட்டைச் சற்று நேர்கொண்டு பார்த்தால், அதற்குள் பல குடும்பங்களுக்குச் சோறு போடக்கூடிய ஒரு தொழில் மறைந்திருப்பது தெரியும்.

சகோதரிகளுக்கு எளிதில் விளங்கும் பொருட்டு, நம் காவிரிக் கழிமுகத்துக் கடற்கரை ஊராகிய தரங்கம்பாடியையே எடுத்துக் கொள்வோம்.

பூட்டிய வீடுகளின் ஊர்

தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதரோடு 1620ஆம் ஆண்டில் உடன்படிக்கை செய்துகொண்டு டேனியர் கோட்டை கட்டிய ஊர் தரங்கம்பாடி. 1845இல் அவர்கள் அதனை ஆங்கிலேயருக்கு விற்றுச் சென்றனர். கோட்டையும், நகர வாயிலும், தேவாலயங்களும், தடித்த சுண்ணாம்புச் சுவர் வீடுகளும் இன்றும் நிற்கின்றன. 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை இவ்வூரில் பல உயிர்களைக் கொண்டு போயிற்று. அதன் பின்னர்ப் பழைய கட்டடங்கள் சில செப்பனிடப்பட்டன. சில, பயணிகள் தங்கும் விடுதிகளாயின. 2020 முதல் இவ்வூர் மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கிறது.

தரங்கம்பாடியைச் சுற்றியுள்ள பொறையாறு, ஆயப்பாடி, தெற்கே காரைக்கால், நாகூர் என எந்த ஊரை எடுத்தாலும் சபராளிகள் இல்லாத முஸ்லிம் தெரு அரிது. சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகள் என ஆண்கள் போனார்கள். பிறகு பலர் குடும்பத்தையும் அழைத்துக் கொண்டார்கள். ஆசையோடு கட்டிய வீடு பூட்டிக் கிடக்கிறது. இல்லாவிட்டால் பத்து அறை கொண்ட வீட்டில் வயதான தாயார் ஒருவர் ஒற்றை அறையில் வாழ்கிறார்.

கடற்கரையில் பூட்டிய வீடு சும்மா இருப்பதில்லை. உப்புக்காற்று சன்னல் கம்பியையும் கதவுக் கீலையும் தின்கிறது. மரச்சாமான்களில் பூஞ்சணம் படர்கிறது. மொட்டைமாடியில் விழும் சருகு நீர்த்தாரையை அடைத்துக்கொள்ள, ஐப்பசி கார்த்திகை மழையில் தேங்கும் நீர் கூரைக்குள் இறங்குகிறது. இரண்டு ஆண்டு கழித்து விடுமுறையில் வருபவர், கிடைத்த முப்பது நாளில் முதல் பத்து நாளை வீட்டைக் கழுவுவதிலேயே கழிக்கிறார். அந்நேரத்தில் ஆள் தேடினால் ஆளும் கிடைப்பதில்லை.

இது ஒருவகைத் தேவை. இன்னும் மூன்று உண்டு. முதியோர் மட்டும் இருக்கும் வீடுகளில் மாதம் ஒருமுறையாவது மேலே ஏறி ஒட்டடை அடிக்கவும், கட்டிலை நகர்த்திப் பெருக்கவும் வலுவுள்ள கைகள் வேண்டும். கலியாணம், வீடு குடிபுகுதல், பெருநாள் ஆகியவற்றிற்கு முன் வீடு முழுவதையும் கழுவித் தர வேண்டும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் நம் அயலாருக்கும் இதே தேவை உண்டு. விடுதிகளிலோ, தங்கியவர் புறப்பட்டுப் புதியவர் வருவதற்கிடையே சில மணி நேரத்தில் அறை தயாராக வேண்டும். இத்தேவைகள் எல்லாம் இப்போதும் ஏதோ ஒரு வகையில் நிறைவேறத்தான் செய்கின்றன. ஆனால் அவற்றைச் செய்து தரும் பெண்ணுக்கு அதில் விலை இல்லை, கணக்கு இல்லை, நாளை என்பதும் இல்லை.

அகமதாபாத் காட்டிய வழி

இது நடக்கக்கூடிய காரியமா என்று ஐயுறுவோர் குஜராத்தின் அகமதாபாத் நகரைப் பார்க்க வேண்டும். அங்கே 1972இல் இலா பட் அம்மையார் 'சேவா' எனப்படும் சுயதொழில் புரியும் மகளிர் சங்கத்தைத் தொடங்கினார். தெருத்தெருவாக அலைந்து காகிதம் பொறுக்கி, இடைத்தரகர் சொன்ன விலைக்கு விற்று வந்த பெண்களும் அச்சங்கத்தில் சேர்ந்தனர். அந்நகரின் துணி ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுக் கொண்டிருந்த 1980களில், அப்பெண்கள் ஒன்று கூடித் துப்புரவுக் கூட்டுறவு ஒன்றை அமைத்தனர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'சௌந்தர்யா', அதாவது அழகு. அந்நகரிலுள்ள புகழ்பெற்ற தேசிய வடிவமைப்பு நிறுவனம் தன் வளாகத்தைத் தூய்மை செய்யும் பணியை அவர்களுக்கு அளித்தது. அதனைத் தொடர்ந்து வேறு அலுவலகங்களும் அவர்களைத் தேடின.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை மூன்று. தொழிலின் தன்மை பெரிதாக மாறவில்லை. குப்பையோடு புழங்கிய கைகள் தூய்மைப் பணிக்கே வந்தன. ஆனால் ஒவ்வொருத்தியும் தனியாக நின்று பேரம் பேசிய நிலை மாறிச் சங்கம் பேசிற்று. தொழில் அப்பெண்களுக்கே சொந்தமாயிற்று.

ஸ்பெயின் நாட்டின் பாஸ்க் பகுதியில் மொந்திராகோன் என்ற ஊர் உண்டு. கூட்டுறவுத் தொழிற்சாலைகளுக்குப் பெயர்போன அவ்வூரில், திருமணமான பெண்களுக்குத் தொழிற்சாலையில் இடமில்லாதிருந்த காலத்தில், 1969இல் பெண்கள் கூடி 'அவுசோ லகுன்' என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். சமையலும் துப்புரவுமே அதன் தொழில். குடும்பப் பொறுப்போடு இயைந்த நேரத்தில் வேலை என்பது அதன் சிறப்பு. பிள்ளைகள் பள்ளிக்கூடம் சென்று திரும்புவதற்குள் முடியும் வேலைதான் நம் சகோதரிகளுக்கும் பொருந்தும் என்பதால் இதனைக் குறிப்பிடுகிறோம்.

கூலிக்கும் தொழிலுக்கும் நடுவே

நாற்பது ஆண்டு வீட்டு வேலை செய்த பெண்மணியிடமும், ஓராண்டு துப்புரவுத் தொழில் நடத்தும் பெண்மணியிடமும் இருப்பது ஒரே துடைப்பந்தான். வேறுபாடு எங்கே இருக்கிறது?

வீட்டு வேலைக்குப் போகும் பெண் தன் நேரத்தை ஒப்படைக்கிறாள். பாத்திரம் துலக்க வந்தவளிடம் "அப்படியே அந்த மாடிப்படியையும் ஒரு கை பார்த்துவிடு" என்று சொல்ல முடிகிறது. மிஞ்சிய சோறும், பழைய சேலையும், பெருநாள் காசும் சம்பளக் கணக்கில் சேர்ந்து விடுகின்றன. தொழில் நடத்துபவளோ ஒரு வேலையை விற்கிறாள். எந்த அறைகள், எந்தெந்தப் பணிகள், எத்தனை மணிக்குள், என்ன விலை என்பது முன்கூட்டியே எழுதப்படுகிறது. எழுதாத வேலைக்குத் தனி விலை. இந்த ஒரு தாள்தான் இருவருக்கும் நடுவே நிற்கும் சுவர்.

சட்டமும் இதை மெல்ல உணரத் தொடங்கியிருக்கிறது. தமிழக அரசு 2007இல் வீட்டுப் பணியாளருக்கென நலவாரியம் அமைத்தது. 2011இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு வீட்டுப் பணியாளருக்கென 189ஆம் எண் உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா இன்னும் அதனை ஏற்று உறுதி செய்யவில்லை. 2018இல் தமிழகத்தில் வீட்டு வேலைக்குக் குறைந்தபட்ச ஊதியம் அறிவிக்கப்பட்டபோது, அது மணிக்கு 40 ரூபாயைக்கூட எட்டவில்லை. அது தரையே அன்றிக் கூரையன்று என்பதை நாம் மறக்கலாகாது.

பெருநகரங்களில் இன்று கைப்பேசியில் விரல் வைத்தால் துப்புரவுப் பணியாளர் வந்து நிற்கிறார். 2014இல் தொடங்கப்பட்டு இன்று அர்பன் கம்பெனி என வழங்கும் நிறுவனம், 2025 மார்ச்சில் மும்பையில் 'இன்ஸ்டா மெய்ட்ஸ்' என்ற பெயரில் பதினைந்து நிமிடத்தில் வேலைக்காரர் என்று விளம்பரம் செய்தது. அறிமுகச் சலுகையாக மணிக்கு 49 ரூபாய் என்றது. மனிதரை விரைவுப் பண்டமாக்குகிறது அப்பெயர் எனக் கண்டனம் எழவே, அது 'இன்ஸ்டா ஹெல்ப்' என்று பெயர் மாறிற்று. பெயருக்கு மதிப்பு உண்டு என்பதற்கு இது சான்று. நீங்கள் தொடங்கும் தொழிலுக்கும் ஒரு நல்ல பெயர் வையுங்கள். ஒரு சீட்டு அச்சிடுங்கள். ஒரே நிற மேலங்கி அணியுங்கள். "வேலைக்காரி வந்திருக்கிறாள்" என்னும் வாய், "துப்புரவுக் குழுவினர் வந்திருக்கிறார்கள்" என்று சொல்லப் பழகும்.

எப்படித் தொடங்குவது?

மூன்று பேர் போதும். ஒருத்தி தனியாகப் போவது பாதுகாப்புக்கும் நல்லதன்று, வேலைக்கும் நல்லதன்று. அறிமுகமில்லாத வீட்டில் ஆண்கள் மட்டும் இருக்கும் நேரத்தில் பணி ஏற்பதில்லை என்ற விதியை முதல் நாளே வகுத்துக்கொள்ளுங்கள். வீட்டார் பலர் இதை மதிப்பார்கள். மதியாதவர் வீட்டு வேலை நமக்கு வேண்டியதில்லை.

கருவிகளுக்கு ஆகும் செலவு சில ஆயிரங்களே. பூந்துடைப்பம், ஈர்க்குத் துடைப்பம், நீண்ட கழி வைத்த ஒட்டடைக்கோல், நான்கு வாளி, மாப்பு, தரைநீர் தள்ளும் ரப்பர்க் கட்டை, தேய்க்கும் தூரிகைகள், பருத்தித் துணிகள், ரப்பர்க் கையுறை, முகக்கவசம், உறுதியான ஏணி ஒன்று. கழிப்பறைக்குரிய துணியும் வாளியும் ஒரு நிறம், சமையற்கட்டிற்குரியவை வேறு நிறம் என்று பிரித்து வையுங்கள். இதனைப் பார்த்த மாத்திரத்திலேயே வீட்டுப் பெண்களுக்கு உங்கள் மீது நம்பிக்கை பிறக்கும். தூசு உறிஞ்சும் இயந்திரத்தை முதலில் வாங்க வேண்டாம். ஆறு மாதம் போகட்டும், வருவாயிலிருந்து வாங்கலாம்.

தொழிலுக்குப் பருவம் உண்டு. வளைகுடா நாடுகளில் நீண்ட பள்ளி விடுமுறை ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் வருகிறது. சிங்கப்பூரில் ஜூன் மாதமும், நவம்பர் பிற்பகுதி முதல் டிசம்பர் வரையும். அதற்கு இரண்டு வாரம் முன்னரே பூட்டிய வீடுகளுக்கு வேலை வரும். ரமளானும் பெருநாள்களும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முந்திக்கொண்டே வரும். மழைக்கு முன் புரட்டாசியில் மொட்டைமாடி வேலை. இவற்றை ஒரு நாட்காட்டியில் குறித்து வைத்து, சபராளிக் குடும்பங்களுக்கு ஒரு மாதம் முன்பே செய்தி அனுப்புங்கள்.

வேலையில்லா மாதங்களைத் தாங்குவதற்கு ஒரு வழியும் உண்டு. பூட்டிய வீட்டை மாதம் ஒருமுறை திறந்து, காற்றோட விட்டு, கூட்டித் துடைத்து, குழாய்களில் நீர் ஓட்டி, கசிவோ கறையானோ தெரிகிறதா என்று பார்த்துப் படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்பும் மாத ஒப்பந்தம் அது. வீடொன்றுக்கு 600 ரூபாய் என்று வைத்தாலும் பத்து வீட்டிற்கு 6,000 ரூபாய் நிலையாக வரும். துபாயில் இருப்பவருக்கு அது சிறு தொகை. வீட்டைப் பற்றிய நிம்மதியோ பெரிது.

விலை போடும் கணக்கு

நம் பெண்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். "நீங்கள் பார்த்துக் கொடுங்கள்" என்ற சொல்லை இன்றோடு மறந்து விடுங்கள். ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம்.

ஒரு பூட்டிய வீட்டை மூவர் ஆறு மணி நேரத்தில் முடிப்பதாகக் கொள்வோம். மொத்தம் 18 மணி நேர உழைப்பு. மணிக்கு 80 ரூபாய் என்றால் கூலி மட்டும் 1,440 ரூபாய். பினாயில், சோப்புத்தூள் முதலியவற்றிற்கு 200. ஆட்டோவுக்கு 200. கருவிகளின் தேய்மானத்திற்கு 60. ஆக 1,900 ரூபாய். இதன் மேல், வேலையில்லா நாளுக்கும் நோய்நொடிக்கும் சேமிப்பாக 300 ரூபாய் வைத்தால் விலை 2,200 ரூபாய்.

வீட்டுக்காரர் "1,500 ரூபாய் வாங்கிக்கொள்" என்கிறார். வேலை வேண்டுமே என்று ஒப்புக்கொண்டால் என்ன ஆகும்? பினாயில் விலை குறையாது. ஆட்டோக்காரர் குறைக்க மாட்டார். செலவு 460 ரூபாயைக் கழித்தால் மிஞ்சுவது 1,040 ரூபாய். அதை 18 மணியால் வகுத்தால் மணிக்கு 58 ரூபாய்கூட இல்லை. சேமிப்பு அறவே போயிற்று. பேரத்தில் குறைந்த 700 ரூபாயும் மூன்று பெண்களின் உடலிலிருந்தும் நாளைய பாதுகாப்பிலிருந்தும் எடுக்கப்பட்டதே. விலையைக் குறைத்தே தீரவேண்டுமானால் வேலையைக் குறையுங்கள். "மாடி இந்த முறை வேண்டாம்" என்று சொல்லுங்கள். மணிக்கூலியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

தினமும் மாலையில் ஒரு பக்கம் எழுதுங்கள்: எந்த வீடு, எத்தனை பேர், எத்தனை மணி, வரவு, செலவு. மூன்று மாதக் கணக்கு கையில் இருந்தால், எந்த வேலை இலாபம், எந்த வேலை வெறும் களைப்பு என்பதை அந்த ஏடே சொல்லிவிடும்.

கடற்கரை வீடு கேட்கும் பக்குவம்

துப்புரவு எல்லார்க்கும் தெரிந்த வேலை என்று எண்ணுவது தவறு. பழைய வீட்டுச் சுண்ணாம்புச் சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் தண்ணீர் ஊற்றித் தேய்க்கக் கூடாது. உப்பு கரைந்து மீண்டும் சுவருக்குள் செல்லும். உலர்ந்த தூரிகையால் தட்டி எடுத்து, முறத்தில் வாங்கி அப்புறப்படுத்த வேண்டும். மொசைக், மார்பிள், சிவப்புக் காவி பூசிய சிமென்டுத் தரை ஆகியவற்றில் ஆசிட் பட்டால் மெருகு போய்விடும். கடலோரக் கிணற்று நீர் உவராக இருந்தால், அதில் கழுவிய தரையும் கண்ணாடியும் காய்ந்த பின் வெள்ளை படியும். கடைசித் துடைப்பு நல்ல நீரிலும், அதன்மேல் உலர்ந்த துணியிலும் இருக்கட்டும். மேலிருந்து கீழே, உள்ளிருந்து வெளியே, முதலில் உலர்ந்த தூசு, பிறகே ஈரம் என்ற வரிசை மாறினால் ஒரே வேலையை இரு முறை செய்ய நேரிடும்.

ஓர் எச்சரிக்கையை மனத்தில் ஆழப் பதியுங்கள். பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒருபோதும் கலக்காதீர்கள். "இரண்டும் சேர்ந்தால் நன்றாகக் கறை போகும்" என்று யாரேனும் சொல்வார்கள். போவது கறையன்று, உயிர். அக்கலவையிலிருந்து குளோரின் என்னும் நச்சுவாயு எழும். அடைத்த கழிப்பறைக்குள் அது சில நிமிடங்களில் நுரையீரலைத் தாக்கும். அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவத்தோடும் பிளீச்சிங் பவுடர் சேரலாகாது. ஒரு நாளில் ஓரிடத்தில் ஒரு மருந்து என்பதே விதி. சன்னல்கள் திறந்தே இருக்கட்டும்.

நெடுநாள் பூட்டிய வீட்டில் நுழைந்தவுடன் வேலையில் இறங்காதீர்கள். கதவு சன்னல்களைத் திறந்து அரை மணி நேரம் விடுங்கள். மூலை முடுக்குகளைக் கழியால் தட்டிப் பாருங்கள். பாம்பும் தேளும் குளவியும் அங்கே குடியிருக்கலாம். பாம்பு தென்பட்டால் தீயணைப்பு நிலையத்தாரை அழையுங்கள். எலிப்புழுக்கையையும் வௌவால் எச்சத்தையும் உலர்ந்த நிலையில் பெருக்கினால் அத்தூசு மூச்சில் புகும். பிளீச்சிங் கரைசல் தெளித்து நனைத்த பின்னரே, கையுறையும் முகக்கவசமும் அணிந்து அகற்றுங்கள்.

ஏற்கவே கூடாத வேலை ஒன்றும் உண்டு. மலக்குழியில் மனிதரை இறக்கி ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய ஆள் அமர்த்துவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. எத்தனை ஆயிரம் கொடுத்தாலும், "மூடியை மட்டும் திறந்து பாருங்கள்" என்று கெஞ்சினாலும், மறுத்து விடுங்கள். அதற்கு இயந்திர வண்டிகள் இருக்கின்றன.

சாவியும் நாணயமும்

இத்தொழிலின் உண்மையான முதல் பிறர் வீட்டுச் சாவி. அது கையில் இருக்கும்வரை தொழில் நிற்கும். ஒருமுறை ஐயம் விழுந்தால் மறுநாளே முடங்கும். ஆகவே சாவிக்கென்று தனிப் பதிவேடு வையுங்கள். வாங்கிய நாள், கொடுத்த நாள், கையொப்பம். சாவியில் வீட்டு எண்ணோ பெயரோ எழுதாமல், உங்களுக்கு மட்டும் விளங்கும் குறி இடுங்கள். இருவரில்லாமல் எந்த வீட்டையும் திறக்காதீர்கள். நுழைந்தவுடன் ஒவ்வோர் அறையையும் படம் எடுங்கள். முடிந்த பிறகும் எடுங்கள். பீரோ திறப்பதில்லை, பணமும் நகையும் வீட்டில் இருந்தால் பணி ஏற்பதில்லை என்பதைச் சீட்டிலேயே அச்சிடுங்கள். கட்டிலுக்கடியில் பத்து ரூபாய் கிடைத்தாலும் படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்பிய பிறகே தொடுங்கள்.

ஒரு வீட்டில் கண்டதை மற்றொரு வீட்டில் பேசாமையும் நாணயந்தான். சிறிய ஊரில் இது பணத்தைவிடப் பெரிய சோதனை.

முதலும் பதிவும்

கடன் வாங்கித்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. மூவர் சேர்ந்தால் கைச்சேமிப்பே போதும். வட்டிக்கு அஞ்சுவோர், தம் ஜமாஅத்தின் பைத்துல்மாலில் வட்டியில்லாக் கடன் கிடைக்குமா என்று கேட்கலாம். ஜமாஅத்தாருக்கும் நம் வேண்டுகோள் இது: விதவைக்கு மாதாமாதம் அரிசி கொடுப்பது நல்லறம், அவர் அரிசி வாங்கும் நிலைக்கு வர ஒருமுறை கருவிகள் வாங்கிக் கொடுப்பது அதனினும் நீண்டு பயன் தரும். மாவட்டந்தோறும் அமைந்துள்ள முஸ்லிம் மகளிர் உதவும் சங்கத்தையும், டாம்கோ எனப்படும் தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகத்தையும் அணுகி விவரம் கேட்கலாம். வங்கிக் கடனுக்குத் தடையில்லாதவர்களுக்கு 2015இல் வந்த முத்ரா திட்டத்தின் 'சிசு' பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையின்றிக் கிடைக்கும்.

2020 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள 'உத்யம்' பதிவு சிறுதொழிலுக்கான அரசுச் சான்று. அதற்குக் கட்டணம் கிடையாது. கட்டணம் கேட்கும் தரகரை நம்பாதீர்கள். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும் வரை பொதுவாகச் சரக்கு சேவை வரிப் பதிவு தேவைப்படாது. விபத்துக்கென்று ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டணத்தில் 2 லட்சம் ரூபாய்க்குக் காப்பீடு தரும் பிரதமர் பாதுகாப்புக் காப்பீட்டுத் திட்டம் வங்கிக் கணக்கின் வழியே கிடைக்கிறது. ஏணியில் ஏறும் தொழிலில் இருப்பவர் ஒருவரும் இதனை விடலாகாது.

நாளை நீங்களும் முதலாளி

இறுதியாக, எல்லாவற்றினும் முக்கியமான ஒன்று. தொழில் வளர்ந்தால் மூவர் பத்துப் பேராவார்கள். அப்போது முதலில் தொடங்கியவர் நாற்காலியில் அமர்ந்து தொலைபேசி எடுப்பார். புதிதாக வந்த ஏழைப் பெண் குனிந்து துடைப்பாள். அவளுக்கு என்ன கொடுப்பீர்கள்? வீட்டுக்காரர் 2,200 கொடுக்க, அவளுக்கு 200 கொடுத்து அனுப்பினால், பழைய வீட்டு வேலைக்கும் உங்கள் தொழிலுக்கும் வேறுபாடு மேலங்கியின் நிறம் ஒன்றுதான். வியர்வை உலரும் முன் கூலி கொடுக்க வேண்டும் என்பதை மேடைதோறும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அது பிறருக்குச் சொல்லப்பட்டதாகவே இதுவரை கேட்டிருக்கிறோம். இனி நமக்கும் பொருந்தும். கணக்கேட்டைப் பத்துப் பேரும் பார்க்கும்படி வையுங்கள். சேமிப்பில் பத்துப் பேருக்கும் பங்கு இருக்கட்டும். எந்தத் தெருவிலிருந்து வந்தவள், எந்தச் சாதி, எந்தச் சமயம் என்று பாராமல் ஒரே குவளையில் தேநீர் வழங்குங்கள். காலங்காலமாகச் சில பிரிவினர் தலையில் மட்டும் சுமத்தப்பட்ட வேலை இது. அதைத் தொழிலாக உயர்த்த வருகிறவர்கள் அந்தச் சுமையின் வரலாற்றை அறிந்தே வர வேண்டும்.

வீட்டைத் துடைக்கச் சொல்லும் சகோதரிகளுக்கும் ஒரு சொல். அடுத்த முறை துப்புரவுக் குழு உங்கள் வீட்டிற்கு வந்தால் முன்வாசலைத் திறந்து விடுங்கள். எழுதிய விலையைப் பேரமின்றிக் கொடுங்கள். "ஊர் என்ன சொல்லும்?" என்று தயங்கி நிற்கும் பெண்ணுக்கு, ஊரின் முதல் பதில் உங்கள் வாசலிலிருந்து கிடைக்கட்டும்.